பாதி வரிசை

"ஐயையோ, உருவாதே!"

டெய்லரக்கா போட்ட சத்தத்தில், கூடத்தில் நாற்காலி நகர்த்திக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். காலையிலிருந்து ஒரு பொட்டுக் கண்ணீர் விடாத பொம்பளை, வீட்டுக்காரர் இறந்துபோய் ஏழு மணி நேரம் கழித்துக் கத்துகிறாள். அதுவும் என்ன கத்தல்!

ஆனால் காரியம் கைமீறிப் போயிருந்தது. நாத்தனாரின் ஒரு கையில் பின்னல் ஊசிகள் இரண்டும் இருந்தன. மறு கையில் சாம்பல் நிறக் கம்பளிப் பின்னல் ஊசியில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணன் நாற்காலியில கிடந்துச்சு அண்ணி. யாராவது தெரியாம உக்காந்தா குத்திடுமேன்னுதான்…"

"அசையாதே. அப்படியே புடிச்சுக்கோ."

ஊசியை உருவிவிட்டால் மேல் வரிசைக் கண்ணிகள், அந்த நூல் வளையங்கள், பிடிப்பில்லாமல் நிற்கும். ஒன்று நழுவினால் போதும், அடிவரைக்கும் ஓடிவிடும். இதை வீட்டுக்காரர் நூறு தடவை சொல்லியிருப்பார். அவளும் நூறு தடவை, "எனக்கெதுக்குங்க இந்தக் கதை" என்று மிஷினை மிதித்திருப்பாள். காதில் விழுந்ததெல்லாம் எங்கேயோ தங்கித்தான் இருந்திருக்கிறது.

அவர் பஸ் டிரைவர். பதினைந்து வருடத்துக்கு முன்னால் டாக்டர் சிகரெட்டை விடச் சொன்னதும், சும்மா இருக்கமாட்டேன் என்ற கைக்கு ஊசியைக் கொடுத்தார். விளையாட்டாய் ஆரம்பித்தது பைத்தியமாகவே ஆகிவிட்டது. டிப்போவில் எல்லார் காலிலும் அவர் பின்னிய சாக்ஸ்தான். எவர் வீட்டில் குழந்தை பிறந்தாலும் தொப்பி போய்விடும். கண்டக்டரையும் இழுத்துவிட்டார். கடைசி நிறுத்தத்தில் வண்டி நிற்கும் இருபது நிமிடமும் ரெண்டு மீசைக்கார ஆம்பளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து பின்னுவதைப் பார்க்கவே கூட்டம் கூடுமாம்.

"நீங்க ஒரு கை முடிக்கிறதுக்குள்ள நான் பத்துச் சட்டை தைச்சிடுவேன்" என்று அவள் கிண்டலடிப்பாள். முதல் வருடம் அவளுக்கென்று ஆசையாக ஒரு ஸ்வெட்டர் பின்னினார். ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்துவிட்டு, "நூல் கழுத்துல கடிக்குதுங்க" என்று கழற்றிப் போட்டாள். "சரி" என்றார். அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் போடவில்லை. அவளும் கேட்கவில்லை.

சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் தினமும் ஒரே பதில்: "இந்த வரிசை முடிஞ்சதும் வரேன்."

எவ்வளவு அவசரமானாலும் பாதி வரிசையில் கீழே வைக்கமாட்டார் மனுஷன். இன்று காலை ஆறரைக்கு டீ கொண்டுபோனபோது, மடியில் கிடந்தது பாதி வரிசையில் நின்றிருந்தது. அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. டம்ளரை வைத்துவிட்டுத்தான் தொட்டுப் பார்த்தாள்.

இதுவும் அவிழ்ந்து போக விடுவதா? மிஷின் மேஜையிலிருந்து தையல் ஊசியை எடுத்துச் சிவப்பு நூலைக் கோத்தாள். நாத்தனார் எதிரில் மண்டி போட்டாள். ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஊசியை விட்டு நூலை இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. கீழே ஓடியிருந்த நாலு கண்ணிகளையும் ஊசி முனையால் படிப்படியாக மேலே ஏற்றினாள். ஐம்பத்தாறாவது கண்ணியில் முடிச்சுப் போட்டபோது முதுகெல்லாம் வியர்த்திருந்தது.

"தெரியாம பண்ணிட்டேன் அண்ணி" என்று நாத்தனார் அழுதாள்.

"நல்லதுக்குத்தானே எடுத்தே. விடு."

அவர் பின்னி முடித்திருந்த மற்றத் துண்டுகள் இருந்த பையில் அதைத் திணிக்கப்போனபோது ஒரு காகிதம் கைக்கு வந்தது. அவருடைய கிறுக்கல் கையெழுத்தில் அளவுகள். உயரம் இருபத்து மூணு. மார்பு நாற்பது. கை பத்தொன்பது. யாருக்கோ என்று மடிக்கப்போனவள் கடைசி வரியில் நின்றுவிட்டாள்.

இடது தோள் அரை இஞ்ச் தாழ்வு.

முப்பது வருடம் மிஷினில் குனிந்து குனிந்து இறங்கிய தோள். தன் சட்டைக்கு வெட்டும்போது மட்டும் அவள் கணக்கில் எடுத்துக்கொள்வது. ஒரு ஆளிடம் சொன்னதில்லை. போன மாதம் இஞ்ச் டேப்பைக் காணோம் என்று வீட்டையே இரண்டாக்கினாளே, அது அவர் தலையணைக்கடியில் ஏன் கிடந்தது என்று இப்போதுதான் விளங்கியது. தூங்கும்போது அளந்திருக்கிறார், திருட்டு மனுஷன்!

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. காகிதத்தை மூஞ்சியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

மூன்றரைக்குக் கண்டக்டர் வந்தார். டிரைவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அவளிடம் வந்தவர், மடியிலிருந்த பின்னலில் சிவப்பு நூலைப் பார்த்தார்.

"யாரு கோத்தது அக்கா? ஒரு கண்ணி கூட விட்டுப்போகல."

"நான்தான். இது எனக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? கடிக்காத நூல் வேணும்னு ஆறு கடை ஏறி எறங்கினோம். ஒவ்வொரு கடையிலயும் நூலைக் கழுத்துல தேய்ச்சுப் பார்ப்பாரு. கடைக்காரன் ஒரு மாதிரியா பார்ப்பான்." சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த ஒரு கைதான் பாக்கி. நான் முடிச்சுத் தரட்டுமா?"

பின்னல் மேல் டேப்பை வைத்துப் பார்த்தாள். பதினொன்று. இன்னும் எட்டு இஞ்ச்.

"வேணாம் தம்பி. எப்படின்னு காட்டுங்க."

நூல் தொங்கிய இடம்தான் வீட்டுக்காரர் நிறுத்திய இடம். முடித்தவற்றை ஒரு ஊசியிலும் மீதி இருபத்தைந்தை இன்னொன்றிலும் ஏற்றிக் கொடுத்தார் கண்டக்டர். "உள்ள விடுங்க. நூலைச் சுத்துங்க. இழுங்க. அவ்வளவுதான்." முதல் கண்ணி இறுகிப்போய்விட்டது. இரண்டாவது அதைவிட மோசம். மூன்றாவது பரவாயில்லை.

வாசலில் அவரை எடுத்துப்போகும் வண்டி வந்து நின்றது. மகள் தோளைத் தொட்டாள்.

"அம்மா, கிளம்பணும். எல்லாரும் நிக்கிறாங்க."

டெய்லரக்கா நிமிரவில்லை.

"இரும்மா. இந்த வரிசை முடிஞ்சதும் வரேன்."

மகள் கண்டக்டரைப் பார்த்தாள். அவர் எழுந்து வெளியே போய் வண்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார். இன்ஜின் அணைந்தது.