சேர்க்கை முடியும்வரை அப்பா பேசமாட்டார்

“தப்பா நினைச்சுக்காதடி. குழந்தைகிட்ட ஒரு குறையும் இல்ல. உன் வீட்டுக்காரர் பேச்சுதான் இடிக்குது” என்றாள் அக்கா.

தங்கை பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்ப்பவள். யார் எதைச் சொன்னாலும் சிரித்த முகத்தோடு கேட்டுப் பழகியவள். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். சமையலறை வாசலில் நின்று கிரீஸ் படிந்த கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“என் பேச்சுல என்ன அண்ணி?”

“உங்க பொண்ணு பட்டாணி, இங்கிலீஷ்ல ஆரம்பிச்சு உங்களை மாதிரி தமிழ்ல முடிக்கிறா, தம்பி. இன்டர்நேஷனல் ஸ்கூல்னா சும்மாவா? பிள்ளையைத் தனியா உக்கார வச்சுப் பேச விட்டுப் பாப்பாங்க. என் பையன் காதுல வேற பேச்சே விழாம வச்சிருந்தேன். உள்ள போயிட்டான்ல?”

“எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் மேல போ, கீழ போ, கதவை மூடு. அதை வச்சு ஒரு குடும்பம் நடத்த முடியுமா?”

பெண்கள் இருவரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அந்தப் பள்ளியின் லிஃப்டையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகள் டீச்சரை மறித்துக் கேள்வி கேட்பதையும், டீச்சர் கோபப்படாமல் பதில் சொல்வதையும் ஏணியில் நின்றபடி பார்த்திருக்கிறான்.

“அப்போ நான் வாயே திறக்கல. சீட் கிடைக்கட்டும். அப்புறம் எம் பொண்ணு காது வலிக்கிற வரைக்கும் பேசிக்கிறேன்.”

அவனை யாரும் வற்புறுத்தவில்லை.

முதலில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. பட்டாணி அவன் முதுகில் ஏறிக் கிச்சுக்கிச்சு மூட்டினாள். மூக்கைப் பிடித்தாள். அவன் கண்ணை உருட்டி, கையால் சைகை காட்டி எல்லாவற்றையும் சமாளித்தான். பிறகு மூக்கைப் பிடிப்பது நின்றது. முதுகில் ஏறுவது நின்றது. அவன் உள்ளே வந்தால், விசிறி சுழலத் தொடங்கியதுபோல் ஒருமுறை பார்த்துவிட்டுப் படத்துக்கு வண்ணம் தீட்டப் போய்விடுவாள்.

“பாத்தீங்களா, எவ்வளவு சமத்தாயிட்டா!” என்றாள் மனைவி.

ஒரு மாலை அவள் வேலை முடிந்து வந்தபோது பட்டாணி அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தாள். கண்ணீர் காய்ந்து கன்னத்தில் கோடாகியிருந்தது. விரல் கதவிடுக்கில் மாட்டியிருந்தது, நகம் நீலம்.

“ஏங்க! பக்கத்து ரூம்லதானே இருக்கீங்க?”

ஓடி வந்தவன் கதவை நெம்பி விரலை விடுவித்தான். “எனக்குச் சத்தியமாத் தெரியாது. சத்தமே வரலையே! பட்டாணி, அப்பாவை ஏன்டா கூப்பிடல?”

குழந்தை பதறி, அடிபடாத கையால் அவன் வாயைப் பொத்தினாள்.

“போதும்டி, நிறுத்திடலாம். எனக்குப் பயமா இருக்கு” என்றான், குழந்தை தூங்கியபிறகு.

“அடுத்த வாரம் இன்டர்வியூங்க. இவ்வளவு கஷ்டப்பட்டுட்டு இப்போ கெடுத்துக்கணுமா?”

பள்ளியில் சேர்க்கைப் பொறுப்பாளர் அம்மாள் குழந்தைக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். பெற்றோர் சுவரோரம். எல்லாம் ஆங்கிலத்தில். வீட்டில் யாரோடு பேசுவாய் என்று அவர் கேட்டார். அம்மாவோடு என்றாள் பட்டாணி. அப்பாவோடு? பட்டாணி கொஞ்சம் யோசித்தாள். அப்பா பேசுவதற்கான ஆள் இல்லை என்றாள், பிழையே இல்லாத ஆங்கிலத்தில்.

தன் பக்கம் திரும்பிய முகங்களைப் பார்த்து அவன் பெருமையாகச் சிரித்தான்.

வெளியே வந்ததும், “என்னைப் பத்தி என்னமோ கேட்டாங்களே, என்ன சொன்னா?” என்றான்.

“அப்பா லிஃப்ட் ரிப்பேர் பண்றவர்னு சொன்னா” என்றாள் மனைவி. அவள் முகத்தில் வரவேற்பறைச் சிரிப்பு இருந்தது.

பொறுப்பாளர் அம்மாள் பின்னாலேயே வந்தார். அவனுக்குப் புரியவேண்டும் என்று இந்த முறை தமிழில் சொன்னார். “வாழ்த்துகள் சார், சீட் உறுதி. இவ்வளவு சுத்தமாப் பேசற குழந்தை இங்கயே குறைச்சல். வீட்டுல என்ன செய்றீங்களோ அதை மாத்திடாதீங்க. முதல் வருஷம் ரொம்ப முக்கியம்.”

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் குழந்தையின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“ஒரு வருஷந்தானேங்க” என்றாள் நிமிராமலே.

பட்டாணி அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவன் இரண்டடி தள்ளிப் பின்னால் வந்தான். பதில் சொல்ல வாயைத் திறந்தான்; சுற்றிலும் பிள்ளைகள் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினான்.