கடைசி அடிக்கு ஒரு லென்ஸ்

வின்சன்ற் அண்ணன் கண்ணாடி மேசையில் இரண்டு லென்ஸையும் வைத்தார். ஒன்று பதினெட்டிலிருந்து முந்நூறு மில்லிமீற்றர் வரை போகும். கிட்டவும் பிடிக்கும், எட்டவும் பிடிக்கும், ஒரு கையில் அடங்கும். மற்றது எழுபதிலிருந்து இருநூறு. தேங்காயைவிடக் கனம். செங்கலடியில் அந்த லென்ஸ் தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று தன் ஸ்ரூடியோவுக்கு வருகிற எல்லாரிடமும் சொல்வார்.

"பெரியதைக் கொண்டு போ. பொழுதுபடுற நேரம். சின்னது இருட்டில குருடன்."

மறுநாள் சித்தாண்டிக்கு அப்பால் வாவிக்கரை அம்மன் கோயிலில் தீமிதிப்பு. படம் கேட்டவர் கோணாமலை. வாவியில் மீன்பிடிக்கிறவர். போன வருடம் வாதம் வந்து இடது பக்கம் விழுந்து, பிறகு எழும்பி நடந்தவர். கட்டாரில் இருக்கும் மகன் பிரதீஸ் தோணியை விற்றுவிட்டுக் களுவாஞ்சிக்குடியில் தங்கச்சி வீட்டில் போய் இருக்கச் சொல்கிறான். கோணாமலை அவனோடு ஒரு பேச்சு வைத்திருந்தார். தன் காலால் தீயைக் கடந்தால் தோணி அவருடையது. கடக்காவிட்டால் விற்கலாம்.

"காலும் தெரியணும் மனே," என்று என்னிடம் சொல்லியிருந்தார். "மூஞ்சைய மட்டும் எடுத்தா அவன் நம்பமாட்டான். பூசாரி தூக்கிக்கொண்டு வந்தார் எண்டுவான்."

தீக்குழியைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு உள்ளே நிற்க வேண்டுமென்றால் விரதம் இருந்து கையில் காப்புக் கட்ட வேண்டும். மேற்சட்டை கூடாது. தோல் சாமான் கூடாது, அதனால் பையும் வாரும் வெளியே. போனபிறகு திரும்பி வந்து லென்ஸ் மாற்ற முடியாது. வின்சன்ற் அண்ணன் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்; அவருக்குக் காப்புக் கட்டமாட்டார்கள். நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகப் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டவன், இரவில் ஐஸ் ஆலையில் வேலை. விரதம் இருக்க எனக்கு நேரம் இருந்தது; காப்பும் கட்டியாயிற்று.

"சின்னதைத்தான் கொண்டு போறன்," என்றேன்.

"விசரா உனக்கு? படம் முழுக்க உப்புத் தூவின மாதிரி வரும்."

"வரட்டும். நான் நிக்கிறது குழி முடியிற இடத்தில. ஆள் அங்கால இறங்கேக்க உங்கட லென்ஸில முழு ஆளும் வரும். கிட்ட வந்தா நெஞ்சுக்கு மேலதான். கால் எங்க?"

"மூஞ்சைதான்டா படம்."

"அது உங்கட காட்சிப் பெட்டிக்கு. அவர் கேட்டது கால்."

அவர் பெரிய லென்ஸை குழந்தையைத் துடைப்பது போலத் துடைத்து உள்ளே வைத்தார்.

கமராவின் வாரைக் கழற்றி, மஞ்சள் துணி கிழித்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டு போனேன். சூரியன் வாவிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. குழி நீளத்துக்கும் தணல். குழி முடிகிற இடத்தில் காப்புக் கட்டின எங்களை வரிசையாக நிறுத்திவிட்டுப் பூசாரி சொன்னார்: "இதில நிக்கிறவன் ஆரும் வேடிக்கை பார்க்க வரல்ல. வாறவன் தளம்பினா தாங்கணும். கமராக்காரத் தம்பி, உனக்கும்தான்."

ஓம் என்றேன். ஒரு கை சும்மாதான் இருந்தது.

கோணாமலை எட்டாவது ஆளாக இறங்கினார். கையில் வேப்பிலை. முதல் அடிகள் சரியாக விழுந்தன. நான் லென்ஸைப் பின்னுக்கு இழுத்து இழுத்து, தலையும் காலும் வெட்டுப்படாமல் எடுத்தேன். பாதிக்கு மேல் இடது கால் பின்தங்கியது. கடைசி அடியில் வலது கால் மண்ணில், இடது கால் இன்னும் தணலில். முழங்கால் மடங்கியது.

இடது கையை அவருடைய கக்கத்துக்குள் கொடுத்து வெளியே இழுத்தேன். என் நெஞ்சில் வந்து மோதினார். வலது கை விரல் பொத்தானிலேயே இருந்தது. அது தன்பாட்டில் அமத்திக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலை ஸ்ரூடியோவில் படங்களைத் திரையில் போட்டோம். வின்சன்ற் அண்ணன் சொன்ன உப்பு எல்லாப் படத்திலும் இருந்தது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் காலும் இருந்தது. கடைசிக்கு முந்திய படத்தில், இடது பெருவிரல் இழுபட்டுச் சாம்பலில் கோடு போட்டிருப்பது வரைக்கும் தெரிந்தது. கடைசிப் படம் சரிந்திருந்தது: என் கை, அவருடைய தோள், தணலில் ஒரு குதிகால்.

கோணாமலை காலில் மருந்து பூசிக்கொண்டு வந்திருந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"முதல் நாலையும் அனுப்புவம்," என்றார் வின்சன்ற் அண்ணன். "நேரா நடக்கிறீங்க. அதுக்குப் பிறகு நடந்தது ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே." கோணாமலை திரையில் அந்தக் கோட்டை விரலால் தொட்டார். "எல்லாத்தையும் போடு மனே."

அனுப்பினேன். கொஞ்சம் பொறுத்து கட்டாரிலிருந்து அழைப்பு வந்தது. கோணாமலை கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார்.

"அப்பா, கடைசியில ஆரோ பிடிச்சிரிக்கான். கடந்த கணக்கில்ல அது."

"ஒரு கால் கடந்தது. மற்றக் கால் கடக்கல்ல. அதை நீ சொல்லத் தேவையில்ல, படத்தில கிடக்கு. கேளு. தோணிய விக்கமாட்டன். ஆனா இனித் தனியப் போகமாட்டன்."

"ஆரோட போவீங்க?"

கோணாமலை என்னைப் பார்த்தார். "ஐஸ் ஆலையில ஒரு பொடியன் இரிக்கான். விடிய வேலை முடிஞ்சா படுக்கவும் மாட்டான், சும்மா திரிவான். விழுறவனப் பிடிக்கத் தெரியும்."

"நான் இன்னும் ஓம் எண்டு சொல்லல்ல மாமா."

"இல்லை எண்டும் சொல்லல்லயே."

பிரதீஸ், "அவனுக்கு நீந்தத் தெரியுமா எண்டு கேளுங்க," என்றான்.

"தெரியும்," என்றேன்.

கோணாமலை எழும்பி வாசல் வரை நொண்டிப் போனார். அங்கே நின்று திரும்பினார். "கமராவையும் கொண்டு வாவன். விடியக்க வாவி நல்லாயிரிக்கும்."

வின்சன்ற் அண்ணன் அலுமாரியைத் திறந்தார். பெரிய லென்ஸைத் தொட்டார். பிறகு சின்னதை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதைக் கொண்டு போ. அந்தாள் தோணிக்குள்ள விழுந்தா உனக்கு ஒரு கை வேணும்."