நான் சேர்க்காத கோப்பு

யாரையும் முழுசாக நம்புகிற ஆள் நானில்லை. பிரவின்குமார் என்னோடு படித்தவன். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் ஆபீசுக்கு ஆறு வருஷமாகத் தன் பைக்கில் என்னை ஏற்றிப் போகிறவன். கடைசியில் அவன் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ரிசார்ட்டுகளில் ரூம் புக் செய்யும் புரோகிராமை நாங்கள் இரண்டு பேர்தான் எழுதுகிறோம். எங்களில் ஒருவர் டீம் லீட் ஆகப்போகிறார் என்று மேனேஜர் வத்சலா மேடம் சொல்லியிருந்தார். மூன்றாம் தேதி பிரவின் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அரை மணி நேரம்! உடனே புரோகிராம் ஃபோல்டரிலேயே ஒரு கோப்பைத் திறந்து எழுதினேன்: ‘தேதி 3. பிரவின் எனக்குக் குழி பறிக்கிறான்.’

நான் நினைத்தது சரியாகத்தான் போனது. ‘தேதி 4. டீக்குக் கூப்பிடவில்லை.’ ‘தேதி 6. பக்கத்தில் போனதும் லேப்டாப்பை மூடினான்.’ ‘தேதி 9. பைக் ரிப்பேர் என்றான். திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தேன். ஆபீஸ் வாசலில் அவன் பைக் நிற்கிறது.’ இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

பன்னிரண்டாம் தேதி எல்லாவற்றையும் மேடத்திடம் காட்டுவது என்று முடிவு செய்தேன். யார் எவ்வளவு வேலை செய்தோம் என்பதையும் சேர்த்துக் காட்டலாமென்று, நாங்கள் எழுதுவதெல்லாம் போய்ச் சேரும் பொதுப் பக்கத்தைத் திறந்தேன். என் பெயருக்குக் கீழே அந்தக் கோப்பு கிடந்தது.

எழுதியதைப் பதிந்து அந்தப் பக்கத்துக்கு அனுப்பும் பழைய கருவியில், நாமாகச் சேர்த்தால்தான் ஒரு கோப்பு பதிவாகும். போன மாதம் மாற்றிய புதுக் கருவி அப்படியில்லை. ஃபோல்டரில் என்ன கிடந்தாலும், அடுத்த கட்டளையைத் தட்டியதுமே கேட்காமல் பதிந்துகொள்கிறது. வேலையை அனுப்பும்போது அதுவும் கூடவே போய்விடுகிறது. பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது, மேடம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

நான் அனுப்புவதை வரி வரியாகப் படித்துச் சரிபார்ப்பவன் பிரவின். அவன் மேஜைக்குப் போனேன்.

“படிச்சியாடா?”

“தெனமும் படிச்சிகினுதான் கீறேன். மூணாந்தேதி சாயங்காலமே மொதோ வரிய பாத்துட்டேன். அப்பால உன்கூட எப்டிடா டீ குடிக்கிறது?”

நாலாம் தேதியிலிருந்து நான் சேர்த்த ஆதாரமெல்லாம் நானே உண்டாக்கியது. அவமானத்தில் காது சுட்டது. ஆனால் அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை.

“அன்னிக்கு மேடம் ரூமுக்கு இன்னாத்துக்குப் போன?”

“லீட் போஸ்ட்ட உனக்குக் குடுக்கச் சொல்லத்தான். உன்னாண்ட சொன்னா வேணாம்னு வீம்பு புடிப்ப.”

“மச்சான்...”

“நேத்து மறுபடியும் போனேன். சொன்னத வாபஸ் வாங்கிகினேன்.”