கீழே ஊற்றிய மழை

2004 பொங்கலுக்கு உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஓர் ஊரில் பட்டிமன்றம் வைத்தார்கள். ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, கரும்பு வாங்கவே யோசித்த பொங்கல் அது. இருந்தாலும் பட்டிமன்றம் இல்லாமல் நம்மவர்களுக்குப் பண்டிகை செரிக்குமா? 'பருவம் மாறிவிட்டது என்பது அறிவியலா? அரசியலா? நம்பிக்கையா?' என்று தலைப்பை எழுதிக் கட்டியிருந்தார்கள்.

பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் ஆண்டாளம்மாள் உட்கார்ந்திருந்தாள். காலையில் அந்த மேடையைக் கூட்டியவள் அவள்தான். ஊரிலிருந்த அரசாங்க ஆபீசைக் கூட்டுவதும் அவள்தான். ஆபீஸ் தோட்டத்தில் ஒரு மழைமானி இருந்தது. தினமும் காலை எட்டரைக்கு அதன் குப்பியை எடுத்து, தண்ணீரை அளவு கிளாசில் ஊற்றி, எத்தனை மில்லி என்று ரிஜிஸ்தரில் எழுத வேண்டியவர் கிளார்க் சுப்பிரமணி. அவர் வெயிலில் இறங்குகிற ஆள் இல்லை. அவள் பார்த்துச் சொல்வாள், அவர் எழுதுவார். பதினோரு வருஷமாக இதுதான் வழக்கம்.

அதில் ஒரு கோளாறு இருந்தது. மழை நன்றாகப் பெய்தால் ஊரில் நடவு. நடவு வந்தால் ஆண்டாளம்மாள் வயலில் இருப்பாள். கூட்டுகிற வேலையை மட்டும் நம்பினால் அடுப்பு எரியாது. அந்த நாட்களில் மழைமானிப் பக்கம் ஒருத்தரும் போகமாட்டார்கள். சுப்பிரமணி நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே பூஜ்யம் போட்டுவிடுவார். நடவு முடிந்து அவள் வந்து பார்த்தால் குப்பி தளும்பி நிற்கும்.

"இன்னா சார் பண்றது?" என்று முதல் தடவை கேட்டாள்.

"நாலு நாளா பூஜ்யம்னு மேல அனுப்பிட்டேன் ஆண்டாளம்மா. இப்பப் போயி எண்பது மில்லின்னு எழுதினா என்னைக் கேப்பாங்க. கீழ ஊத்திடு."

செம்பருத்திச் செடிக்கு ஊற்றினாள். அப்புறம் ஒவ்வொரு ஐப்பசியிலும் ஊற்றினாள். செடி அமோகமாகப் பூத்தது.

கடைசி இரண்டு வருஷமாக எப்போதாவது ஒரு தூறல்தான், நடவுக்குக் காணும் மழை இல்லை, நடவும் இல்லை. ஒரு நாள் தவறாமல் அவளே பார்த்தாள். அந்தப் பூஜ்யங்கள் அத்தனையும் சத்தியம்.

மேடையில் அறிவியல் அணிக்காகக் கல்லூரி ஆசிரியர் கலைச்செல்வன் எழுந்தார். பொடிப்பொடியாகக் கோடு போட்ட ஒரு பெரிய தாளை விரித்துக் காட்டினார்.

"உலகம் சூடாகிறது, அதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் நம்ம ஊர் மழை குறைந்துவிட்டதா? பத்து வருஷ ரிஜிஸ்தரைப் பார்த்தேன். பெரிய மாற்றம் இல்லை. எனக்குப் பிடிக்காத எண்ணையும் நான் சொல்லித்தான் ஆகணும்."

விவசாயச் சங்கத்துக் கோபால், அரசியல் அணி, மேசையைத் தட்டினார். "அந்த எண்ணைக் காட்டித்தான்யா வறட்சிப் பட்டியல்ல நம்ம ஊர வுட்டுட்டாங்க! வழக்கமாப் பேயறதுல முக்காவாசி பேஞ்சிடுச்சாம். கெணத்துல பாம்பு படுத்துக்கினு கீது!"

நம்பிக்கை அணியின் அரிசிக்கடை முகம்மது கௌஸ் சிரித்தார். "எண்ணு மனுசன் எழுதுறது. மழை ஆண்டவன் எழுதுறது."

கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. ஆண்டாளம்மாளுக்குக் கை எழவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. நல்ல மழை எதுவும் ரிஜிஸ்தரில் ஏறவே இல்லை. அதனால் பழைய வருஷங்களும் தாளில் வறண்டே கிடக்க, இந்தப் பாழாய்ப்போன வருஷம் எப்போதும்போல ஒரு வருஷமாகத் தெரிகிறது. பட்டியலில் ஊர் இருந்திருந்தால் ஏரி தூர் எடுக்கிற வேலை வந்திருக்கும். இல்லாததால்தான் அவள் மகள் பவளம் ஐந்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாளைக் காலை பஸ்சில் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போகிறாள். செம்பருத்திக்கு அவள் ஊற்றியது பவளத்தின் கூலியைத்தான்.

"அந்த எண்ணை எயுதின மகராசன் மேடைக்கு வரட்டும்!" என்றார் கோபால்.

முன்வரிசையில் சுப்பிரமணிக்கு வேர்த்துவிட்டது. திரும்பி, கையை நீட்டி, "தினம் பாக்குறது ஆண்டாளம்மாதாங்க" என்றார். ஆளை மாட்டிவிடுவதில் அவருக்கு இருந்த சுறுசுறுப்பு மழை அளப்பதில் இருந்திருக்கலாம்.

நாலு பெண்கள் சேர்ந்து தள்ளியதில் அவள் மேடையில் நின்றாள். நடுவர் ஞானதாஸ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அவளுக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கை நீட்டினார். "நீங்களே சொல்லுங்கம்மா. மழை குறைஞ்சிடுச்சா?"

சொன்னால் இந்த வேலையும் போய்விடும். சொல்லாவிட்டால் பவளம் போய்விடுவாள்.

"முன்னாடி நல்லாத்தான் பேஞ்சுது சார். நான்தான் கீழ ஊத்திட்டேன்."

பந்தலே சிரித்தது. ஞானதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அறிவியல், அரசியல், நம்பிக்கைன்னு மூணு அணி வச்சோம். ஆண்டாளம்மாள் நாலாவதா ஒரு அணி ஆரம்பிச்சிட்டாங்க!"

"நெசமாத்தான் சார் சொல்றேன்..." மைக் அதற்குள் கைமாறிவிட்டது. பட்டிமன்ற மேடையில் ஏறிவிட்டால் அழுதாலும் கைதட்டுவார்கள்.

கலைச்செல்வன் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் பந்தலுக்குப் பின்னால் அவளைப் பிடித்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். யார் வயலில் நட்ட நாளில் குப்பி எந்த அளவு நின்றது என்பதுவரைக்கும். அவர் கையிலிருந்த தாளைச் சுருட்டினார்.

"அப்ப இந்தப் பத்து வருஷத்தையும் தூக்கிப் போடணும்மா."

"கடைசி ரெண்டு வருசம் நெசம் சார். ஒரு நாளு வுடாம நானே பாத்தேன். தூறலத் தவுர ஒண்ணும் இல்ல."

"அதுக்கு என்ன சாட்சி?"

"நான்தான் சார்."

"முன்னாடி பொய்யா எழுதினப்பவும் நீங்கதானேம்மா சாட்சி?"

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருப்பாள்.

மறுநாள் காலை பவளத்தின் பஸ் ஆரன் அடித்துக்கொண்டு ஆபீசைத் தாண்டிப் போனது. ஆண்டாளம்மாள் குப்பியை எடுத்தாள். உள்ளே ஒரு எறும்பு செத்துக் கிடந்தது.

"பூஜ்யம்தானே?" என்று உள்ளிருந்தே கேட்டார் சுப்பிரமணி.

"எயுந்து வந்து பாரு சார்."

அந்தக் குரலை அவர் கேட்டதில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தோட்டத்தில் இறங்கி வந்தார். குப்பிக்குள் விரலை விட்டார். விரலில் தூசுதான் ஒட்டியது. உள்ளே போய் ரிஜிஸ்தரைத் திறந்தார். அவளும் பின்னாலேயே போய் நின்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். அவர் பூஜ்யம் போட்டார். அது மற்றப் பூஜ்யங்களைப் போலவே இருந்தது.