இரண்டாவது பார்சல்

ஓடைப் பள்ளத்தில் ஒட்டிக்கிடந்த கடைசிப் பனியும் கரைந்துபோயிருந்தது. சந்திரமதி கேபிள் காரை விட்டிறங்கி, முழங்காலைப் பிடித்துப் பிடித்து, தான் வழக்கமாக உட்காரும் பாறைவரை ஏறிவந்து எட்டிப் பார்த்தாள். ஈரக் கற்களும் நசிந்த புல்லும்தான் இருந்தன. அவளுடைய கணவர் நித்தியானந்தன் இல்லை.

சுவிஸில், இந்த மலை உணவகத்தில் சமையல் வேலை அவருக்கு. போன ஐப்பசியில், மத்தியான வேலை முடிந்து தனியே நடக்கப் போனவர், திடீரென்று பனி கொட்டியதில் திரும்பி வரவேயில்லை. ஹெலிகொப்டர் தேடியது, நாய்கள் தேடின. வெயில் வந்ததும் இன்னொருமுறை தேடிவிட்டு, பொலிஸ் மன்னிப்புக் கேட்டு நிறுத்திக்கொண்டது. சந்திரமதி நிறுத்தவில்லை. கீழே சூக் நகரத்தில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் அவளுக்கு வெள்ளிக்கிழமைதான் ஓய்வு. வெள்ளி தவறாமல் இரண்டு சோற்றுப் பார்சலோடு மலைக்கு வருவாள். ஒன்று அவளுக்கு, மற்றது அவருக்கு. மனிசன் பசியோடு வந்து நின்றால்? அவர் வராமல் மிஞ்சிய சோற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானே சாப்பிடுவாள். பாறையைச் சுற்றி மஞ்சள் சொண்டுக் காகங்கள் எவ்வளவு கத்தினாலும் ஒரு பருக்கை வைத்ததில்லை. காகத்துக்கு வைப்பது செத்தவர்களுக்கான சோறு. அவர் செத்துப்போனார் என்று யார் கண்டது?

டீட்டிகோனிலிருந்து அவளுடைய அண்ணன் மூத்ததம்பி போனில் சொல்லிப் பார்த்தார்.

“பிள்ளை, அவற்ர ஆத்துமா அலையுமடி. ஒரு பிடி சோறெண்டாலும் வை.”

“அவர் வந்து, ‘ஏனப்பா எனக்குச் சோறு வைச்சனீர்’ எண்டு கேட்டா நீங்களோ அண்ணை பதில் சொல்லுவியள்?”

அப்படிக் கேட்டவள்தான் பனி எப்போது கரையும் என்றும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இப்போது பனியும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்க மலையில் வேறொன்றும் மிச்சமில்லை.

அவள் இரண்டாவது பார்சலைப் பிரித்தாள். சோறும் பருப்பும் கத்தரிக்காய் வெள்ளைக்கறியும். ஒரு பிடி எடுத்துப் பாறையில் வைத்து, “கா… கா…” என்று கூப்பிட்டாள்.

ஒரு காகம் வந்து இறங்கியது. மற்ற நாட்களில் கையிலிருந்தே பறிக்கப் பார்ப்பது, இன்று சோற்றைத் தொடாமல் தள்ளி நின்றது. செத்தவருக்கு ஏதோ குறை இருந்தால் காகம் எடுக்காது, இருப்பவர்கள்தான் வாக்குக் கொடுக்க வேண்டும் என்பார்கள்.

“இஞ்சாருங்கோ, மாமியைக் கடைசிமட்டும் நான் பாப்பன்.”

காகம் அசையவில்லை.

“திவசமெல்லாம் குறையில்லாமச் செய்விப்பன்.”

தலையை மட்டும் சாய்த்தது. சந்திரமதிக்கு அழுகை பொங்கிவந்தது. அவருக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். முன்பு உணவகத்துக்கு அவள் அவரைப் பார்க்க வந்தபோதெல்லாம், “உமக்கு முழங்கால் ஏலாது, நீர் கீழ நில்லும், நான் வாறன்” என்று சொல்லுகிற மனிசன்.

“சரி,” என்றாள். “இனி நான் மேல வரமாட்டன்.”

காகம் ஒரு எட்டு கிட்டே வந்தது. சந்திரமதியின் கை, அவளை அறியாமலே, சோற்றைப் பொத்தப் போனது.