இருமல் மோதிரங்கள்

கல் பட்டறையில் வேலை பார்த்த ஒருவனுடைய இருமல், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு அவன் நெஞ்சை விட்டு இறங்கி, அவன் மனைவி செய்து முடித்த வெள்ளி மோதிரத்துக்குள் போய்விட்டது. அன்று வானம் மூடியிருந்தது, குழாயில் தண்ணீர் வரவில்லை. மற்றபடி விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மனைவியைத் தெருவில் கம்பிக்காரி என்பார்கள். வெள்ளிக் கம்பியை முறுக்கி, வளைத்து, பொடி வைத்து ஊதி ஒட்டி நகை செய்வாள். அச்சும் கிடையாது, மாதிரிப் புத்தகமும் கிடையாது. ஒவ்வொரு நகைக்கும் அவள் வாழ்க்கையில் ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அதைச் சின்னச் சீட்டில் எழுதி டப்பிக்குள் வைத்துத்தான் கொடுப்பாள். ஒரு ஜோடித் தொங்கட்டானின் சீட்டில் 'எங்கள் மாடிப்படியில் ஐந்தாவது படி மட்டும் உயரம்' என்று இருந்தது. ஒரு வளையலுக்கு, 'அம்மா கோபமாக மடித்த போர்வை'. மிக நீளமான ஒரு சங்கிலிக்கு, 'வைக்கிறேன் வைக்கிறேன் என்று சொல்லி நாத்தனார் போனை வைக்காத முக்கால் மணி நேரம்'. சீட்டைப் படிக்காமலே அதை எடுத்துப் போட்டுக்கொண்டது அந்த நாத்தனார்தான்.

புருஷன், சமையல் மேடையில் பதிக்கிற பளபளப்பான கற்பலகைகளை அறுக்கிறவன். மாலையில் வீடு திரும்பும்போது புருவமும் காதுமடலும் வெளுத்திருக்கும். நான்கு வருஷமாக இருமினான். மூன்று சின்னது, ஒரு பெரியது, முடிவில் ஒரு விசில். அந்த வீட்டில் பேச்சுவார்த்தை எல்லாம் இருமலுக்கு நடுவே சந்து பார்த்துத்தான் நடந்தது. கேட்டுக் கேட்டு அலுத்தோ, பரிதாபப்பட்டோ, அவள் ஒருநாள் மூன்று சின்னச் சுருள், ஒரு பெரிய சுருள், நுனியில் ஊசித் துளை என்று ஒரு மோதிரம் செய்தாள். 'என் வீட்டுக்காரர்' என்று சீட்டு எழுதினாள். கடைசி மூட்டு ஒட்டியதும் அடுத்த அறையில் அவன் பாதி இருமலில் நின்றுபோனான். மீதிப் பாதியை மோதிரம் இருமியது.

அவன் மறுநாள் மதியம் வரை தூங்கினான். அதற்கடுத்த நாள் பட்டறைக்குப் போனவனைப் பார்த்து, மற்ற பதினாறு பேரும் ஒருவர் பின் ஒருவராக அவள் வாசலுக்கு வந்தார்கள். அவள் ஒவ்வொருவரையும் முக்காலியில் உட்காரவைத்து இருமச் சொன்னாள். இருமலோடு ஒட்டிக்கொண்டிருந்த சங்கதியையும் கேட்டுக்கொண்டாள். ஒட்டகம் என்று பட்டப்பெயர் வாங்கிய நெட்டையன், பேருந்தில் தன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்றான். அவன் மோதிரத்தில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டாள். இன்னொருவன், மகளுக்கு முத்தம் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது என்றான். அவனுக்கு ஒரு சிவப்பு மணி வைத்தாள். மாதம் முடிவதற்குள் பட்டறையில் அறுப்பு இயந்திரத்தின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

மேற்பார்வையாளர் நேரில் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "தங்கச்சி, உனக்குக் கோடி புண்ணியம்" என்றார். பிறகு திரும்பிப் போய் முகமூடி கொடுப்பதை நிறுத்தினார். இருமலே இல்லாதவனுக்கு முகமூடி எதற்கு? தூசி அடங்குவதற்காக அறுக்கும் இடத்தில் பீய்ச்சுகிற தண்ணீரையும் நிறுத்தினார். தரை வழுக்காமல் இருந்தது. வேலை வேகமாக நடந்தது.

மோதிரங்கள் வீடுகளில் இருந்தன. பெண்கள் அவற்றைப் பஞ்சில் சுற்றித் தகர டப்பாவில் வைத்தார்கள். விருந்தாளி யாராவது காதைத் தீட்டினால், பக்கத்து வீட்டுத் தாத்தா என்று சொல்லிச் சமாளித்தார்கள்.

பதினோராவது மாதம், சாப்பாட்டு இடைவேளையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த ஒட்டகம் மூன்றாவது சுளையைக் கையில் வைத்தபடி செத்துப்போனான். ஒரு களைப்பு இல்லை, ஒரு வலி இல்லை, முதல் நாள் மாலை பிள்ளைகளோடு பந்து விளையாடியிருந்தான். அதே நேரம் வீட்டில் அவன் மோதிரம் ஓய்ந்தது. அவன் மனைவி, "அப்பாடா, ஒருவழியா சரியாயிடுச்சு" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஆட்கள் விஷயத்தோடு வந்தார்கள்.

சாவு வீட்டிலிருந்து திரும்பிய கம்பிக்காரி, புருஷனின் டப்பாவைத் திறந்தாள். சின்னச் சுருள் மூன்றுதான், ஆனால் இருமல் விடாமல் ஏழு எட்டு என்று வந்தது. பஞ்சில் பழுப்பாக ஒரு கறை.

"ஏங்க, மோதிரம் ரத்தம் துப்புது. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க."

"எனக்கு என்னடி? நாலு மாடி மூச்சு வாங்காம ஏறுறேன்."

"ஒட்டகம் அண்ணனும் அப்படித்தான் ஏறினாரு."

அவன் டப்பாவை வாங்கி மூடினான். "நாலு வருஷம் கழிச்சு இப்பத்தான் மனுஷனா தூங்குறேன். அதுல கை வச்சிடாத" என்றான்.

அவள் எட்டு நாள் யோசித்தாள். ஒன்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அவன் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தபோது, கம்பி வெட்டுகிற கத்தரியால் மோதிரத்தை வெட்டினாள். பதினோரு மாத இருமலும் மொத்தமாகத் திரும்பி வந்தது. சவர நுரையோடு தொடங்கியவன் செவ்வாய்க்கிழமை மாலை வரை இருமினான். ஜன்னல் கண்ணாடிகள் மூன்று விரிசல் விட்டன. வாயிலிருந்து வந்த வெள்ளைத் தூசி கட்டிலில், விளக்கில், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர்களின் தோளில் எல்லாம் படிந்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். கடைசிப் பேருந்து போய்விட்டது என்று சொல்கிற குரலில், "ஒரு வருஷம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார்.

மூன்று வாரம் அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் கேட்டான்.

"ஏன்டி திருப்பிக் குடுத்த?"

"நீங்க சொல்லாம கொள்ளாம போயிடக் கூடாதுன்னுதான்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். சற்றுப் பொறுத்து, அவள் உட்கார இடம்விட்டுக் காலை மட்டும் மடக்கிக்கொண்டான்.

ஏழு மாதம் இருந்தான். அதற்குள் சொல்ல வேண்டியதையெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னான். கல்யாணமான புதிதில் அவளிடம் சொன்ன இரண்டு பொய்களைச் சொன்னான். வாசற்கதவின் பச்சை நிறம் தனக்குப் பிடித்ததே இல்லை என்றும் சொன்னான். அவள் அதற்கு நீலம் அடித்தாள். பார்த்துவிட்டு, "பச்சையே தேவலாம் போலிருக்கே" என்றான். இருவரும் சிரித்தார்கள், அவனுக்கு அது மறுநாள் வரை இருமலாகப் போயிற்று. ஒரு சாயங்காலம் நாலு மணிக்கு, அவள் தட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, வருகிறேன் என்று தலையசைத்துவிட்டுப் போனான்.

காரியங்கள் முடிந்ததும் அவள் கத்தரியை எடுத்துக்கொண்டு மீதிப் பதினைந்து வீடுகளுக்கும் போனாள். ஆறு வீட்டில் வெட்டச் சொன்னார்கள். அந்த ஆறு பேரும் படுத்தார்கள். இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். ஒன்பது வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். சிவப்பு மணி மோதிரக்காரனின் மனைவி கதவைப் பாதி சாத்தியபடி, "அவர் படுத்துட்டா வீடே படுத்துடும்க்கா" என்றாள். கம்பிக்காரி கத்தரியைப் பைக்குள் போட்டாள். அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் சொன்னாள்.

"அவங்களை வரச் சொல்லும்மா" என்றார் அவர்.

"அவங்க வரமாட்டாங்க டாக்டர். மோதிரம் வரும்."

அன்றிலிருந்து புதன்கிழமைகளில் ஒன்பது பெண்கள் தகர டப்பாக்களோடு வரிசையில் நின்றார்கள். டாக்டர் ஒவ்வொரு மோதிரத்தையும் துணியில் கிடத்தி, குழாயை வைத்து, "மூச்சை நல்லா இழுத்து விடு" என்பார். மோதிரங்கள் இழுத்து விடும். நிலைமை மோசமானவற்றுக்குப் பதினைந்து நாள் கட்டாய ஓய்வு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மேற்பார்வையாளர் அந்தத் தாளை இரண்டு முறை நிதானமாகப் படித்தார். "லீவு மோதிரத்துக்குத்தானப்பா எழுதியிருக்கு. உனக்கில்லையே" என்றார். தாளில் அப்படித்தான் இருந்தது. ஆகவே மோதிரங்கள் பதினைந்து நாளும் வெயில் படுகிற ஜன்னலோரம் புதுப் பஞ்சில் படுத்து ஓய்வெடுத்தன. ஆண்கள் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனார்கள்.