மூன்று துளைகள்

காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் பஸ் டிரைவர் தன் வீட்டுக் கேட்டோடு மல்லுக்கட்டுவார். வாசலோரம் நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் வேர் தரையைத் தூக்கிவிட்டிருந்தது. ஓங்கி ஒரு உதை விட்டால்தான் கேட் வழிவிடும். மரத்திலோ நகராட்சி அடித்த எண் தகடு. பாதுகாக்கப்பட்ட மரம், அனுமதியில்லாமல் ஒரு கிளையைக்கூட வெட்டக் கூடாது.

“நகராட்சி ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்,” என்று நர்ஸாக வேலை பார்க்கும் மனைவி பலமுறை சொல்லிவிட்டாள்.

“நடையா நடக்க விடுவாங்க. எனக்கு வேற வேலை இல்லையா?”

டிப்போ மெக்கானிக் சுலபமான வழி ஒன்று சொன்னான். “வெட்டினாத்தான் கேஸு. தானா பட்டுப்போனா யாரைண்ணே பிடிப்பான்?”

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி டியூட்டிக்குப் போனதும், டிரைவர் அடிமரத்தில் மூன்று துளை போட்டார். களைக்கொல்லியை ஊற்றிக் களிமண்ணால் அடைத்தார். ஒரு ஈ காக்கைகூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம், ஒரு பக்கத்து இலைகள் மொத்தமாகப் பழுத்துக் கொட்டின. நகராட்சியின் மர அதிகாரியம்மா வந்து களிமண்ணைச் சுரண்டி முகர்ந்து, “யாரோ விஷம் வச்சிருக்காங்க,” என்றார். தெருவே கூடிவிட்டது. எல்லார் கண்ணும் எதிர்வீட்டுத் தையல்காரம்மா மேல்தான். குப்பை கூட்டும்போது அந்த மரத்தை அவர் திட்டாத நாளில்லை.

“சனியன் எப்ப ஒழியுமோன்னு நேத்துக்கூடச் சொன்னாங்க,” என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

கத்தரிக்கோலும் கையுமாக ஓடிவந்தார் தையல்காரம்மா. “வாயால திட்டினேன், இல்லேங்கல. அது நிழல்லதானே மெஷினைப் போட்டு உக்காந்திருக்கேன்! அதுக்குப் போய் விஷம் வைப்பேனா?”

அதிகாரி நோட்டை எடுத்துத் தையல்காரம்மாவின் வீட்டு எண்ணைக் கேட்டார். பேசாமல் நின்றால் போதும், டிரைவர் தப்பித்துவிடலாம். ஆனால், ஆளை இடித்துவிட்டு நிறுத்தாமல் ஓடுகிற டிரைவர்களை இருபது வருஷமாகக் காறித் துப்பியவர் அவர்.

“அவங்களை விடுங்கம்மா. நான்தான் பண்ணேன்.”

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“எதுக்கு?” என்றார் அதிகாரி.

“கேட் திறக்கல.” சொல்லும்போதே அவருக்குக் கூசியது.

“ஒரு மனு குடுத்திருந்தா எங்க ஆளுங்களே வந்து அந்த ஒரு வேரை மட்டும் பக்குவமா எடுத்திருப்பாங்களே! அதுக்குச் சட்டத்துலயே இடம் இருக்கு.”

வழக்குப் பதிவானது, அபராதமும் விழுந்தது. மருந்து ஏறிய கிளைகளை வெட்டி எடுத்தார்கள். தினமும் டிரைவரே தண்ணீர் ஊற்றினார். மறுபாதி பிழைத்துக்கொண்டது. தையல்காரம்மா மட்டும் இரண்டு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒருநாள் அடுத்த தெரு மளிகைக் கடைக்காரர் அவரை ஓரமாக அழைத்தார். “என் கடை போர்டை ஒரு மரம் மறைக்குது சார். அன்னைக்கு ஊத்தினீங்களே, அது என்ன மருந்து?”

“மருந்தைக் கேக்காதீங்க. நாளைக்கு எனக்கு லீவு. வாங்க, ஆபீசுக்குப் போய் மனு எழுதுவோம்,” என்றார் டிரைவர். “தொல்லைன்னா நேரா போய்க் கேக்கலாம், அதுக்குத்தான் சட்டம் இருக்கு. திருட்டுத்தனமா மரத்தைக் கொன்னா, நிழல் தெருவுக்கே இல்லாமப் போகும். பழி, ஒண்ணுமே தெரியாதவங்க தலையில விழும்.”